சாரலுக்கு ஒரு லீவு லெட்டர்

குற்றாலம் போவதற்கு எழுபதுகளில் எங்கள் வீட்டில் முதலில் தேவைப்பட்டது பணமோ பஸ்ஸோ அல்ல, நம்பும்படியான ஒரு வியாதி. திருநெல்வேலியில் குமாஸ்தாவாக இருந்த அப்பா, ஆனி பிறந்து மேல்காற்று தெருப்புழுதியைக் கிளப்பத் தொடங்கியதும் வாசலில் நின்று மேற்கே பார்ப்பார். மலைப்பக்கம் கறுத்துக் கிடந்தால், ராத்திரிச் சாப்பாடு முடிந்த கையோடு வெள்ளைத்தாளை விரித்து, ‘கடும் வயிற்றுப்போக்கு காரணமாக’ என்று முத்துமுத்தாக எழுத ஆரம்பித்துவிடுவார். கேட்பது செவ்வாயும் புதனும்தான். திங்கட்கிழமையோ வெள்ளிக்கிழமையோ வயிறு கெட்டால் மேலதிகாரிக்குச் சந்தேகம் வரும், வாரத்தின் நடுவில் கெடுகிற வயிறுதான் யோக்கியமான வயிறு என்பது அவர் சித்தாந்தம்.

மீட்டர்கேஜ் பாசஞ்சர் அது. சேரன்மகாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி என்று ஒவ்வொரு ஊரையும் குசலம் விசாரித்துவிட்டுத்தான் தென்காசிக்குப் போகும். ஜன்னலோரத்துக்காகத் தங்கையுடன் அடிபிடி போட்டு வென்ற எனக்குக் கிடைத்த பரிசு, கண்ணில் விழுந்த கரித்தூள். அம்மா முந்தானை நுனியைச் சுருட்டி வாயால் ஊதிச் சூடாக்கிக் கண்ணில் ஒற்றுவாள். கீழக்கடையம் வந்ததும் அப்பா, பாரதியார் 1918லிருந்து 1920 வரை இங்கேதான் மாமனார் ஊரில் இருந்தார் என்று பெட்டி முழுவதற்கும் கேட்கும்படி சொல்வார். பாவூர்சத்திரம் தாண்டினால் காற்றில் ஈரம் தெரியும். எதிர்ப்பக்கம் போகிற பஸ்ஸின் ஜன்னல் கம்பிகளில் ஈரத்துண்டு பறந்தால் அருவியில் தண்ணீர் விழுகிறது என்று அர்த்தம். துண்டு காய்ந்திருந்தால் பெட்டியே வாடிப்போகும். அப்போதும் யாரும் திரும்பிப் போனதில்லை. சிற்றாற்றில் முங்கிவிட்டு, சித்திரசபையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, வாழையிலையில் கட்டி வந்த, மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் ஊறிய இட்லியைப் பாறையில் உட்கார்ந்து தின்றால் போன காரியம் முடிந்தது.

அப்படி ஒரு புதன்கிழமைதான் ஐந்தருவியில், தலையிலிருந்து பாதம்வரை எண்ணெய் வழிய, இடுப்புத் துண்டோடு அப்பா எதிரில் வந்து நின்றார் அவருடைய மேலதிகாரி. மாமியார் காலமாகிவிட்டதாகச் சொல்லி அவரும் லீவில் இருந்தார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே நின்றார்கள். “வயிறு எப்படிய்யா இருக்கு?” என்றார் அவர். “தண்ணி தலையில விழுந்ததும் சரியாப் போச்சு சார்” என்றார் அப்பா. பெண்கள் பக்கம் குளித்துவிட்டு வந்த அம்மா, அந்த மாமியார் அங்கே ஜம்மென்று உட்கார்ந்து மாம்பழம் தின்றுகொண்டிருந்ததாக ரயிலில் வரும்போது சொன்னாள். அதன்பிறகு அந்த ஆபீசில் அப்பாவின் வயிற்றுக்கு யாரும் சர்டிபிகேட் கேட்கவில்லை.

கல்லூரிக்குப் போனபின் எனக்குக் குற்றாலம் வேறுவிதமாகப் பிடித்தது. ரசிகமணி டி.கே.சி. அங்கே வாழ்ந்து 1954இல் மறைந்தவர், ராஜாஜியும் கல்கியும் அவரோடு உட்கார்ந்து கம்பனைப் பேசியவர்கள் என்று கேள்விப்பட்டதும், கதர் ஜிப்பா மாட்டி, நீளமான நோட்டுடன் சாரலில் நனையக் கிளம்பிவிட்டேன். எனக்குக் கவிதை வரவில்லை, ஜலதோஷம் வந்தது. நோட்டின் முதல் பக்கத்தில் தேதியும் ‘குற்றாலம்’ என்ற தலைப்பும், இரண்டாம் பக்கத்தில் பிரானூர் பார்டரில் நானும் நண்பர்களும் தின்ற பரோட்டாவின் கணக்கும் இருந்தன. உங்கள் வீட்டுப் பரணிலும் இப்படி ஒரு நோட்டு கிடக்கலாம், தேடிப் பாருங்கள்.

இப்போது சென்னையிலிருந்து லீவு கேட்க வியாதி வேண்டாம். செல்போனில் ஒரு தட்டு. என் மகள் வயதிருக்கும் மேலதிகாரி, சிவப்பு இதயம் ஒன்றுடன் ‘நல்லா ரெஸ்ட் எடுங்க சார்’ என்று அனுப்பிவிட்டு, மறுநாள் பத்தரை மணிக்கு, நான் தலையில் எண்ணெய் வைத்த நேரமாகப் பார்த்து, “ஒரே ஒரு சின்ன டவுட்” என்று கூப்பிடுகிறார். பொய் சொல்லி எடுத்த லீவில் அப்பாவை யாரும் கூப்பிட்டதில்லை. உண்மையைச் சொல்லி எடுத்ததில் எனக்கு ஓய்வில்லை. திருநெல்வேலி – தென்காசிப் பாதை 2012இல் அகலப்பாதையாகிவிட்டது. நீராவி எஞ்சின் போனதால் கண்ணில் கரி விழுவதில்லை. குளிர்பெட்டியின் கண்ணாடியைத் திறக்க முடியாததால் ஈரக்காற்றும் விழுவதில்லை. தண்ணீர் விழுகிறதா என்று எந்தத் துண்டையும் பார்க்க வேண்டியதில்லை, அரைமணிக்கொரு வீடியோ வந்துவிடுகிறது. அருவியில் எண்ணெய், சோப்பு, ஷாம்பு கூடாதென்று நீதிமன்றமே சொல்லிவிட்டது. மிகச் சரியான உத்தரவுதான். அந்த நாளில் நாங்கள் தேய்த்துவிட்ட எண்ணெய்க்குச் சிற்றாற்று மீன்கள் அப்போதே வழக்குப் போட்டிருக்க வேண்டும். ஆனாலும் பாறைமேல் உட்கார வைத்து முதுகில் தடவிக் கொடுத்த அந்த முரட்டுக் கையை என் முதுகு மறக்க மாட்டேன் என்கிறது.

தங்கியது இலஞ்சிப் பக்கம், வயலுக்கு நடுவே ஓர் ஓட்டு வீடு. திண்ணை, கயிற்றுக் கட்டில், முற்றத்தில் ஆட்டுரல். எங்கள் ஆச்சி வீட்டில் இருந்த அதே சாமான்கள்; டைனிங் டேபிளும் ஃபேனும் இல்லாத வீடு என்று பதினைந்து வயதில் நான் முகத்தைச் சுளித்தவை. இப்போது அவற்றுக்கு ஒரு நாள் வாடகை, அப்பாவின் ஒரு வருஷச் சம்பளத்தைத் தாண்டுகிறது. காலை ஆறுக்குப் பறவை பார்த்தல், எட்டுக்கு வரப்பு நடை என்று ஓய்வுக்கொரு டைம்டேபிள் சுவரில் ஒட்டியிருந்தது. பம்ப்செட் குளியலுக்குத் தனிக் கட்டணம். கம்மங்கூழ் பீங்கான் கிண்ணத்தில், மேலே ஒரு புதினா இலையோடு வந்தது.

புதன்கிழமை ஐந்தருவிக்குப் போனால் நிற்க இடமில்லை. கம்பித் தடுப்புக்குள் வரிசை, விசில், செல்ஃபி. வீட்டைப் பார்த்துக்கொள்கிற பையனிடம், “வாரநாள்ல கூட்டம் இருக்காதுன்னுதானப்பா வந்தேன்” என்று அலுத்துக்கொண்டேன்.

“எல்லாரும் அப்படி நினைச்சுதான் பொதங்கிழமை வாராங்க அண்ணாச்சி” என்றான் அவன். “அடுத்த வாட்டி ஞாயித்துக்கிழமை சாயங்காலமா வாங்க. ஒரு ஈ, காக்கா இருக்காது.”