மறுவாசிப்பு: ஒரு செங்கல்பட்டு இலக்கணம்

படித்து முடித்த புத்தகத்தை, கை நிறைய வேலை இருக்கும்போதே மறுபடியும் எடுத்துப் படிப்பது மறுவாசிப்பு எனப்படும். பரீட்சைக்காகத் திரும்பப் படிப்பதும், எங்கே விட்டோம் என்பது மறந்துபோய் முதல் அத்தியாயத்திலிருந்து தொடங்குவதும் இதில் சேரா.

செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் வரையுள்ள வட்டாரத்தில் இப்பழக்கத்தை ஆராய ஏற்ற நூல் கல்கியின் ‘சிவகாமியின் சபதம்’. கதை நடக்கும் இடங்களில் பாதி டவுன் பஸ் போகும் தூரத்தில் இருப்பதே காரணம். ‘கல்கி’ வார இதழில் 1944 முதல் 1946 வரை தொடராக வந்த இந்நாவலுக்கு வித்து, ரசிகமணி டி.கே.சி.யுடன் மாமல்லபுரக் கடற்கரையில் கழித்த ஒரு பொழுதில் விழுந்தது என்று கல்கியே எழுதியிருக்கிறார். அதே கடற்கரையில் பொழுதைக் கழிப்பவர்கள் இன்று சுண்டலும் வறுத்த மீனும் வாங்குவதோடு நின்றுவிடுகிறார்கள்.

மறுவாசிப்பின் ஆதி வடிவம் பைண்டு. வாராவாரம் தொடர்கதைப் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து, பைண்டரிடம் கொடுத்து, காலிகோ முதுகு போட்டு வாங்கி வைப்பது தமிழ்க் குடும்பங்களின் வழக்கமாக இருந்தது. மைதாப் பசை மணக்கும் அந்தத் தடிமனான தொகுப்பில் கதையோடு வேறு சிலவும் வரும். பக்கத்தின் பின்புறம் ஒரு துணுக்கின் முதல் பாதி இருக்கும். சிரிப்பு வரவேண்டிய மறுபாதி பைண்டரின் கத்தியோடு போயிருக்கும். இடையில் ஒரு வாரம் விட்டுப்போயிருக்கும். அந்த வாரத்துக் கதையை வீட்டுப் பெரியவர் வாயால் சொல்வார். ஒவ்வொரு முறையும் வேறு மாதிரி சொல்வார். ஆகவே பைண்டு புத்தகத்தை எத்தனை தடவை படித்தாலும் அலுப்பதில்லை.

மறுவாசிப்பில் நான்கு படிகள் உண்டு. முதல் வாசிப்பு, கதைக்காக. வாசகர் வர்ணனைகளைத் தாண்டிக் குதித்து, பரஞ்சோதி என்ற இளைஞனின் பின்னால் ஓடுகிறார். இரண்டாவது, சந்தேகத்துக்காக. புத்த பிக்ஷுவாக வரும் நாகநந்தி அடிகளின் வேஷம் தெரிந்துபோனபடியால் வருகிறவன் போகிறவன் எல்லோரும் ஒற்றனாகத் தெரிகிறார்கள். மூன்றாவது, முதலில் தாண்டிய வர்ணனைகளுக்காக. நான்காவது வாசிப்புக்குக் காரணம் எதுவும் கிடையாது. மழை பெய்கிறது, கரண்ட் இல்லை என்று ஏதாவது சொல்லிக்கொள்ள வேண்டியதுதான்.

மின்சார ரயிலில் படிப்பதற்கு மறுவாசிப்பே பத்திரமானது. செங்கல்பட்டிலிருந்து சென்னைக் கடற்கரை நிலையம் சுமார் 60 கிலோமீட்டர். ஏற்கெனவே படித்த நூலைக் கூடுவாஞ்சேரியில் திறந்து தாம்பரத்தில் மூடிவிடலாம், மனம் அடம்பிடிக்காது. முதல் வாசிப்பு அப்படியல்ல. மாலையில் ஊர் திரும்பும்போது, செங்கல்பட்டுதானே கடைசி என்று நிம்மதியாக இரண்டாம் பாகத்தில் மூழ்குகிறவர், சில வண்டிகள் அங்கிருந்து திருமால்பூர் வரை போகும் என்பதை மறந்துவிடுகிறார். இரண்டாம் பாகத்தின் பெயர் ‘காஞ்சி முற்றுகை’. பாலூர் தாண்டியதும் தலை நிமிர்த்துகிறவருக்கு, வண்டி போவது காஞ்சிபுரத்துக்கே என்று தெரியவரும். சாளுக்கிய மன்னன் புலிகேசிக்குப் பின் முன்யோசனையில்லாமல் அந்நகரை நோக்கிப் போனவர் அவராகத்தான் இருப்பார்.

இரண்டாம் வாசிப்பு முடிந்ததும் வாசகர் மாமல்லபுரம் புறப்படுவது இயல்பு. திருக்கழுக்குன்றம் வழியாகப் பஸ் பிடிப்பார். கடற்கரைக் கோயிலின் முன் நின்று, ‘சிவகாமி இங்கேதான் நின்றிருப்பாள்’ என்று குடும்பத்துக்கு விளக்குவார். கதாநாயகி சிவகாமியும் அவள் தந்தை ஆயனரும் கற்பனைப் பாத்திரங்கள் என்பது ஒருபுறம் இருக்கட்டும். கடற்கரைக் கோயில் பின்னால் வந்த பல்லவ மன்னன் ராஜசிம்மன் காலத்தது. 642-இல் சாளுக்கியத் தலைநகர் வாதாபியை வென்ற பல்லவ மன்னன் மாமல்லன் காலத்தில் அக்கோயில் எழும்பவே இல்லை. இதை வாசகர் மூன்றாம் வாசிப்புக்குப் பிறகு தெரிந்துகொள்கிறார். எடுத்த போட்டோக்கள் அதற்குள் கல்யாண ஆல்பத்தில் ஒட்டப்பட்டிருக்கும்.

அர்ச்சுனன் தபசுச் சிற்பத்தில் ஒரு பூனை இரு முன்னங்கால்களையும் தலைக்கு மேல் தூக்கித் தவம் செய்கிறது. எலிகள் அதை நம்பிச் சுற்றி நிற்கின்றன. நாவலை ஒருமுறை படித்தவருக்கு அது பூனை. இருமுறை படித்தவருக்கு அது காவியுடுத்த நாகநந்தி.

முற்றிய வாசகர் செங்கல்பட்டுக்கு அருகிலுள்ள வல்லம் குடைவரைக்கும் போவார். மாமல்லனின் தந்தை மகேந்திரவர்மன் காலத்தில் கந்தசேனன் என்ற சிற்றரசன் குடைவித்த கோயில் அது. கந்தசேனன் கதையில் எங்காவது தலைகாட்டுகிறானா என்று பார்க்கவே இன்னொரு முறை புரட்ட வேண்டியதாகிறது. மகேந்திரன் வடமொழியில் ‘மத்தவிலாசப் பிரகசனம்’ என்ற கேலி நாடகம் எழுதியவன். கபால ஓட்டைத் தொலைத்துவிட்ட காபாலிகன் காஞ்சித் தெருவில் எதிர்ப்பட்ட பௌத்த பிக்ஷுவைத் திருடன் என்கிறான். ஓட்டைத் தூக்கிப்போனது ஒரு நாய். இரவல் கொடுத்த புத்தகத்தைத் தேடுகிறவரின் நிலையும் இதுவே.

இரவல்தான் மறுவாசிப்பின் பரம வைரி. பிடித்த புத்தகத்தைப் பற்றி வாய் ஓயாமல் பேசினால் கேட்பவர் இரவல் கேட்பார். கொடுத்தால் திரும்பாது. கல்கியின் எழுத்து நாட்டுடைமையான பிறகு மலிவுப் பதிப்புகள் பல வந்திருப்பதால், ஒரே நாவலை மூன்று முறை வாங்கியவர்கள் இவ்வட்டாரத்தில் அபூர்வமல்லர்.

மறுபடி படிக்கத் தகுந்த நூல் எது என்பதற்குச் சோதனை ஒன்று உண்டு. மூன்றாம் பாகத்தில் மாமல்லன் மாறுவேடத்தில் வாதாபிக்குப் போய், அங்கே சிறைப்பட்டிருக்கும் சிவகாமியை அழைக்கிறான். வாதாபி எரியாமல் அதை விட்டு வரமாட்டேன் என்ற சபதத்தைச் சொல்லி அவள் மறுக்கிறாள். அன்றே கிளம்பியிருந்தால் ஒன்பது ஆண்டுக் காத்திருப்பும் இல்லை, ‘சிதைந்த கனவு’ என்ற நான்காம் பாகமும் இல்லை. முடிவு மனப்பாடமாகத் தெரிந்த பிறகும், அந்த இடம் வரும்போது ‘இந்தத் தடவையாவது கிளம்பிவிடு, தாயே’ என்று வாசகரை முணுமுணுக்க வைக்கிற புத்தகத்தை அலமாரியில் வைத்துப் பூட்டலாம். மற்றவற்றைத் தாராளமாக இரவல் கொடுக்கலாம்.