ஏகாதசிக்குக் காபி சேருமா?

பொன்மலை ரயில்வே பணிமனையில் 34 வருஷம் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஓய்வு பெற்ற மறுநாளிலிருந்து வீட்டில் எதையாவது கழற்றி மாட்டிக்கொண்டிருந்தேன். மிக்ஸி, இஸ்திரிப்பெட்டி, மாடிக் குழாய் எல்லாம் ஒரு சுற்று முடிந்ததும், ஒருநாள் காபி ஃபில்டரை எடுத்து அதன் துளைகளை வெளிச்சத்தில் பார்த்தேன். "அதை மட்டும் தொட்டீங்கன்னா நான் எங்கம்மா வீட்டுக்குப் போயிடுவேன்" என்றாள் மனைவி. அவள் அம்மா காலமாகிப் பதினோரு வருஷம் ஆகிறது. விஷயம் அவ்வளவு தீவிரம் என்று புரிந்துகொண்டு ஃபில்டரை இருந்த இடத்திலேயே வைத்தேன்.

ஆனால் என் தலைவிதி அந்த ஃபில்டர் வழியாகத்தான் சொட்டுச் சொட்டாக இறங்கிற்று.

எங்கள் வீடு ஸ்ரீரங்கத்தில், சித்திரை வீதியில். சுஜாதா கதைகளில் வரும் திண்ணைகளில் பல இப்போது கிரில் கம்பிக்குள் ஸ்கூட்டர் நிற்கும் இடமாகிவிட்டன. எங்கள் திண்ணை மட்டும், கிரில் போடக் காசு சேராத காரணத்தால், பாரம்பரியமாக இருக்கிறது. வைகுண்ட ஏகாதசித் திருவிழா வந்தால் பகல்பத்து, இராப்பத்து என்று இருபது நாளுக்கு ஊரே தூங்காது. வெளியூர்க்காரர்கள் திண்ணையைப் பார்த்ததும் உட்காருவார்கள். உட்கார்ந்ததும் தண்ணீர் கேட்பார்கள். தண்ணீர் குடித்ததும், "இங்க பக்கத்துல நல்ல காபி எங்க கிடைக்கும்?" என்பார்கள். இந்த வரிசை எந்த வருஷமும் மாறியதில்லை.

முந்தின வருஷம் பரமக்குடிப் பக்கத்துப் பாட்டி ஒருவருக்கு மனைவி உள்ளிருந்து ஒரு டம்ளர் காபி கொண்டுவந்து கொடுத்தாள். பாட்டி குடித்தார், முந்தானையால் வாயைத் துடைத்தார், சுருக்குப்பையிலிருந்து இருபது ரூபாயை எடுத்துத் திண்ணையில் வைத்துவிட்டு நடையைக் கட்டினார். "ஐயோ, காசெல்லாம் வேணாம் பாட்டி" என்று மனைவி பின்னாலேயே ஓடினாள். அதற்குள் பாட்டி கூட்டத்தில் கரைந்துவிட்டார். அந்தத் தாளை நாங்கள் இருவரும் சங்கடத்தோடு பார்த்தோம். என் மைத்துனன் மட்டும் வேறு விதமாகப் பார்த்தான். "மாமா, போனி ஆயிடுச்சு" என்றான்.

கடை இப்படித்தான் பிறந்தது. இருபத்தோரு நாள் கடை. திறக்கும்போதே மூடும் தேதியும் தெரிந்த கடை என்பதால் எனக்குத் தைரியம். இந்த மாதிரித் திடீர்க் கடைக்கு 'பாப்-அப்' என்று பெயராம், பெங்களூரிலிருக்கும் மகள் சொன்னாள். மைத்துனன் அதைப் பலகையில் 'பாப்பப் காபி' என்று எழுதி வைத்தான். பார்த்தவர்களெல்லாம் "பாப்பா காபியா? சின்னப் பிள்ளைங்களுக்கா?" என்று கேட்டதில், மறுநாளே அழித்துவிட்டுத் 'திண்ணைக் காபி' என்று மாற்றினோம்.

உணவுப் பாதுகாப்புப் பதிவுக்கு வருஷத்துக்கு 100 ரூபாய். நம் வீட்டுத் திண்ணைக்கு இதெல்லாம் எதற்கு என்றேன். மகள் போனிலேயே மிரட்டிப் பதிய வைத்தாள். வீட்டுச் சிவப்பு சிலிண்டரைக் கடைக்கு வைக்கக் கூடாது என்பதால் 19 கிலோ சிலிண்டர் ஒன்று வந்து இறங்கியது. அதைத் திண்ணைமேல் ஏற்றியதில் மைத்துனனுக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. அந்தப் பிடிப்பு, வேலை இருக்கும் நேரங்களில் மட்டும், திருவிழா முடியும்வரை இருந்தது.

பொடி அரைக்கப் போன இடத்தில் பீபெரி எவ்வளவு, பிளான்டேஷன் எவ்வளவு, சிக்கரி எவ்வளவு என்று கேட்டார்கள். சிக்கரி ஒரு வேர். வறுத்து அரைத்துக் கலந்தால் டிகாக்ஷனுக்கு நிறமும் கெட்டியும் கொடுக்கும். காபியிலிருக்கும் கஃபீன் அதில் கிடையாது. பாக்கெட்டில் விற்கிற கலப்புப் பொடியில் அது 49 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது, எவ்வளவு என்று அச்சிடவும் வேண்டும் என்பது சட்டம். நாங்கள் நூற்றுக்கு இருபது போடச் சொன்னோம். எதிர்வீட்டில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் இருக்கிறார். முதல் நாள் சாயங்காலமே வந்து, "சிக்கரி ஒரு துளி இருந்தாலும் என் நாக்கு காட்டிக் கொடுத்துடும்" என்று எச்சரித்துவிட்டு ஒரு காபி வாங்கினார். ஒரு மடக்குக் குடித்தார். கண்ணை மூடினார். "இதுதான்யா சுத்தக் காபி" என்றார். மனைவி என்னைப் பார்த்தாள். நான் பாலைப் பார்த்தேன். அவர் இருபத்தோரு நாளும் தவறவில்லை. இந்தக் கட்டுரை அவர் கண்ணில் படாமலிருக்க ரங்கநாதர்தான் அருள வேண்டும்.

டிகாக்ஷன் இறக்குவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் மானம் போனது அங்கேதான். மேல் பாத்திரத்தின் அடியில் ஒரு சிட்டிகை சர்க்கரை தூவி, பொடியைப் போட்டு, குடையை வைத்து லேசாக அமுக்கி, தளதளவென்று கொதிக்கிற தண்ணீரைச் சுற்றிலும் ஊற்றி, மூடிவிட்டு வேறு வேலை பார்க்கப் போய்விட வேண்டும். நின்று பார்த்தால் இறங்காது, அதற்குக் கூச்சம். அதிகமாக அமுக்கினால் அடைத்துக்கொள்ளும். அமுக்காமல் விட்டால் சர்ரென்று இறங்கிக் கழுநீர் மாதிரி இருக்கும். சரியான அமுக்கு எவ்வளவு என்று மனைவியைக் கேட்டேன். "தூங்குற குழந்தை நெத்தியில கை வெச்சுக் காய்ச்சல் பாக்குற மாதிரி" என்றாள். 34 வருஷம் ஸ்பேனரால் நட்டு முடுக்கியவனுக்கு இந்த அளவு எந்தக் காலத்தில் பிடிபடும்?

நாலு பேருக்கு இறங்கும் வீட்டு ஃபில்டர் கடைக்கு எப்படிப் போதும் என்று நானே ஒன்று செய்தேன். எவர்சில்வர் தூக்குவாளியின் அடியில் ஒன்றரை மில்லிமீட்டர் டிரில் பிட்டால் 220 துளைகள், வரிசை ஒரு நூல் பிசகாமல். பணிமனையில் யாராவது பார்த்திருந்தால் கை குலுக்கியிருப்பார்கள். பொடியைப் போட்டுத் தண்ணீரை ஊற்றினேன். தரிசனத்துக்குக் கதவைத் திறந்துவிட்டாற்போல டிகாக்ஷனும் பொடியும் முண்டியடித்துக்கொண்டு ஒன்றாகவே கீழே வந்தன. அன்று காபி வாங்கிய ஒருவர் கடைசி மடக்கை மென்றார். மரியாதைப்பட்டவர், ஒன்றும் சொல்லாமல் போனார்.

ராத்திரி மனைவி அக்கம்பக்கத்தில் சொல்லிப் பதினோரு ஃபில்டர் இரவல் வாங்கிவந்தாள். பித்தளை ஐந்து, எவர்சில்வர் ஆறு. திண்ணை ஓரத்தில் அவை வரிசைகட்டி நின்றது கொலு மாதிரி இருந்தது. ஒன்றைத் தட்டினால்தான் இறங்கும், இன்னொன்று தட்டினால் கோபித்துக்கொண்டு நின்றுவிடும். மூலைவீட்டு மாமியின் பித்தளை ஃபில்டருக்கு அடிக்கடி அடுப்புச் சூட்டைக் காட்ட வேண்டும். யாரும் வாடகை கேட்கவில்லை. ஆனால் தங்கள் ஃபில்டர் சௌக்கியமா என்று விசாரிக்கப் பதினோரு வீட்டுக்காரர்களும் தினம் இரண்டு வேளை வந்தார்கள். வந்தவர்களைக் காபி கொடுக்காமல் அனுப்ப முடியுமா? வாடகையே மலிவாகியிருக்கும் என்பது மூன்றாம் நாள் கணக்கு எழுதும்போது தெரிந்தது.

எங்கள் வீட்டுக் காபிக்கு நிகரில்லை என்று நம்பித்தான் கடை போட்டேன். வந்தவர்களில் ஒருவர்கூட எங்கள் வீட்டுக் காபியைக் கேட்கவில்லை. எல்லாரும் அவரவர் வீட்டுக் காபியை என்னிடம் கேட்டார்கள். "ஸ்ட்ராங்கா இருக்கணும், ஆனா கசக்கக் கூடாது." "சர்க்கரை கம்மி. ரொம்பக் கம்மியில்ல, கம்மி." "ஆத்தாதீங்க, சூடு போயிடும்." "நல்லா ஆத்துங்கண்ணே, நுரை இல்லாம என்ன காபி?" திருநெல்வேலிக்காரர் ஒருவர் சர்க்கரையே வேண்டாம் என்று வாங்கி, சட்டைப்பையிலிருந்து கருப்பட்டித் துண்டை எடுத்துப் போட்டுக் கலக்கிக்கொண்டார். ஒரு பெரியவர் மட்டும் எந்த நிபந்தனையும் இல்லாமல் குடித்து முடித்தார். "எப்படிங்க இருக்கு?" என்று ஆசையாகக் கேட்டேன். "பரவாயில்ல" என்றார். என் முகம் வாடியதைப் பார்த்த அவர் மனைவி, "நாப்பத்தஞ்சு வருஷத்துல என் காபிக்கு அந்த வார்த்தைகூட வந்ததில்ல தம்பி, சந்தோஷமா வெச்சுக்கோங்க" என்றார்.

நான் ஒவ்வொருவர் சொன்னதையும் துண்டுச்சீட்டில் எழுதிக்கொண்டு திணறுவதைப் பார்த்துவிட்டு மனைவி கரண்டியைப் பிடுங்கிக்கொண்டாள். அதற்கப்புறம் யார் என்ன சொன்னாலும் "ஆகட்டுங்க" என்பாள். எல்லாருக்கும் ஒரே காபிதான். சர்க்கரையை மட்டும் தனியாக வைத்துவிட்டாள். குடித்தவர்களெல்லாம், "நான் சொன்ன மாதிரியே போட்டிருக்கீங்க" என்று பாராட்டினார்கள். கடை ஓடியதற்குக் காரணம் அந்த "ஆகட்டுங்க"தான். பொடிக்கு இரண்டாம் இடம் தரலாம். என் 220 துளைகளை விட்டுவிடுங்கள்.

ஏகாதசிக்கு முந்தின நாள் நம்பெருமாளுக்கு மோகினி அலங்காரம். அது முடிந்ததுமே, விடியற்காலையில் பரமபத வாசல் திறப்பதற்காக ஜனங்கள் வந்து குவிய ஆரம்பித்துவிடுவார்கள். "நாளைக்கு ஊரே பட்டினி மாமா. கடைக்கு லீவு விட்டுடுவோம்" என்று மைத்துனன் இடுப்பில் கை வைத்தான். அதற்குள் மனைவி ஆவின் ஆரஞ்சு பாக்கெட் அரை லிட்டரில் எண்பது வாங்கிவிட்டிருந்தாள். 6 சதவீதக் கொழுப்புள்ள பால். விற்காவிட்டால் ஒரு வாரத்துக்குத் திரட்டுப்பால்தான்.

ராத்திரி பத்து மணி இருக்கும். காவிரிப் பக்கமிருந்து பனி இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு மாமி மட்டும் திண்ணையருகே வந்து, "ஏகாதசிக்குக் காபி சேருமோ?" என்று கேட்டார். எனக்கு என்ன தெரியும்? நான் விழிப்பதற்குள் பின்னாலிருந்து ஒருவர் பதில் சொன்னார். "தானியம்தானே கூடாது? காபில தானியம் எங்க இருக்கு?" "கொட்டைங்கறது பழத்தோட விதை. அப்ப அது பழத்துல சேர்த்தி." "பால் எப்பவும் உண்டு." சாஸ்திரம் மளமளவென்று தெளிவாகிக்கொண்டே வந்தது. அப்போது யாரோ ஒரு பாவி, "சிக்கரி?" என்றான். வீதியே ஒரு கணம் அடங்கியது. "அது வேர்ங்க, கிழங்கு மாதிரி. தாராளமா சேரும்" என்று நான் முந்திக்கொண்டேன். எல்லாருக்கும் நிம்மதி. ஒரு குரல் மட்டும் இருட்டிலிருந்து கேட்டது: "அப்ப இதுல சிக்கரி இருக்கா?"

தலைமையாசிரியர்.

நான் வாயைத் திறப்பதற்குள் மனைவி, "ஐயாவுக்கு மட்டும் சிக்கரி இல்லாம தனியா எடுத்து வெச்சிருக்கேன்" என்றாள். அதே ஃபில்டர், அதே பால். அவர் ஒரு மடக்கு உறிஞ்சிவிட்டுப் பக்கத்திலிருந்தவரிடம், "பாத்தீங்களா, வித்தியாசம் தெரியுது" என்றார்.

விடியும்வரை 412 காபி. உபவாசத்தில் இருக்கும் ஜனங்களுக்குக் காபி எவ்வளவு தேவை என்பதை அன்றுதான் பார்த்தேன். சாப்பாட்டுக்குப் பதில் காபி, காபிக்குப் பதில் இன்னொரு காபி. பணம் வந்த சேதியை அறிவிக்கும் அந்தச் சின்னப் பெட்டி, நாமசங்கீர்த்தனத்துக்கு நடுவே இருபது ரூபாய், இருபது ரூபாய் என்று ஜபம் செய்துகொண்டிருந்தது. பரமபத வாசல் திறந்தபோது "ரங்கா, ரங்கா" என்று எழுந்த கோஷம் திண்ணைவரை கேட்டது. கோயில் இருக்கும் வீதியிலேயே வீடு. நானோ டம்ளர் கழுவிக்கொண்டிருந்தேன். கையிலிருந்த இரண்டு டம்ளரோடு அப்படியே கும்பிட்டேன். ஒன்றில் இன்னும் சோப்பு நுரை இருந்தது.

டம்ளர் என்றதும் நினைவு வருகிறது. பிளாஸ்டிக் பூச்சுள்ள காகிதக் கோப்பைகளுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை. ஆகவே மனைவி பரணிலிருந்து தன் கல்யாணச் சீர் டம்ளர்களை இறக்கினாள். ராஜகோபுரத்துக்குக் கும்பாபிஷேகம் நடந்த 1987-இல்தான் எங்கள் கல்யாணமும். 48 டம்ளர். ஒவ்வொன்றிலும் அவள் பெயரின் முதலெழுத்தும் தேதியும் பொறித்திருக்கும். ஏகாதசிக் கூட்டத்திலும் ஒன்றுகூடக் குறையவில்லை. எல்லாம் போனது இராப்பத்து எட்டாம் நாள். அன்று வேடுபரி. திருமங்கை மன்னன் பெருமாளையே வழிமறித்துக் கொள்ளையடித்த கதையை மணல்வெளியில் நடத்திக் காட்டுவார்கள், நம்பெருமாள் குதிரை வாகனத்தில் வருவார். பார்த்துவிட்டு உற்சாகமாகத் திரும்பிய பக்தகோடிகள் காபி குடித்தார்கள். ராத்திரி எண்ணினால் 31 டம்ளர்தான்.

நான் சமாதானம் சொன்னேன். காபியே நம் நாட்டுக்குக் களவில் வந்த சரக்குதான். பாபா புதான் என்ற சூஃபி 17-ஆம் நூற்றாண்டில் ஏமனிலிருந்து ஏழு கொட்டைகளை மறைத்து எடுத்துவந்து சிக்கமகளூர் மலையில் நட்டதாகச் சொல்வார்கள். "அவர் ஏழுதானே எடுத்தார்? இது பதினேழு" என்றாள் மனைவி.

கடைசிக் கணக்குப் பார்த்ததில் செலவெல்லாம் போக 14,300 ரூபாய் நின்றது. பலகையில் ஒட்டியிருந்த கியூஆர் அட்டை மைத்துனனின் வங்கிக் கணக்குக்குப் போகிறது என்பது அப்போதுதான் தெரிந்தது. அவன் சொன்ன தொகையை நாங்கள் ஏற்றுக்கொண்டோம். இடுப்புவலி அன்றோடு சரியாயிற்று.

வருகிற மார்கழியிலும் கடை உண்டு. உங்கள் வீட்டு அலமாரியில், விளிம்புக்குக் கீழே 'செ. 9-9-87' என்று பொறித்த எவர்சில்வர் டம்ளர் இருந்தால், வரும்போது மறக்காமல் எடுத்து வாருங்கள். ஒரு கேள்வியும் கேட்க மாட்டோம். அதிலேயே காபி ஊற்றித் தருகிறோம், காசு வேண்டாம். குடித்துவிட்டு டம்ளரை மட்டும் வைத்துவிட்டுப் போங்கள்.