எட்டு விரற்கடை உயரம்

மனிதனுடைய வாய் எவ்வளவு தூரம் திறக்கும் என்பதற்கு வைத்திய சாஸ்திரத்தில் ஒரு கணக்கு உண்டு. தன் விரல்களில் மூன்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மேற்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் நடுவே ஒருவன் நுழைத்துவிடக் கூடுமானால், அவனுடைய வாய் சரியாகத்தான் திறக்கிறது என்று பல் வைத்தியர்கள் தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள். இந்தச் சிறிய உண்மையை, சென்னையில் புதுமோஸ்தர் பர்கர் போஜனசாலை நடத்தும் புண்ணியவான்களுக்கு யாராவது எடுத்துச் சொன்னால் தேவலை. ஏனெனில், என் மாப்பிள்ளை குடும்ப சமேதராய் எங்களை அழைத்துச் சென்ற அத்தகைய ஓரிடத்தில் என் முன்னால் கொண்டுவந்து வைத்த பதார்த்தம், பக்கத்தில் கையை வைத்து அளந்து பார்த்தவரையில், எட்டு விரற்கடைக்குக் குறையவில்லை.

இடத்தின் லட்சணத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். பூச்சுக் காணாத செங்கற்சுவர், ஒற்றைக் கம்பியில் தொங்கும் பல்பு, முதுகு சாய்க்க வழியில்லாத இரும்பு முக்காலி, ஊறுகாய் ஜாடியில் குடிதண்ணீர் என்று, கையில் காசில்லாதவன் வீட்டில் காணக்கூடிய குறைகள் யாவற்றையும் ஏராளமான பொருட்செலவில் அங்கே ஸ்தாபித்திருந்தார்கள். ஆர்டர் எடுக்க வந்த பிள்ளையாண்டான், நின்றுகொண்டு பேசுவது மரியாதைக் குறைவு என்று கருதினானோ என்னவோ, மேஜையருகே குந்தி உட்கார்ந்து, "சார், பன் பிரியோஷ் வேணுமா, சார்கோல் வேணுமா?" என்று விசாரித்தான். ரொட்டி கருகியிருந்தால் கடைக்காரனோடு சண்டைக்குப் போன வம்சத்தில் பிறந்த நான், கரியையே கலந்து சுட்ட ரொட்டிக்குக் கூடுதல் விலை என்று கேள்விப்பட்டுத் திகைத்து நிற்கையில், "அப்பா, நீங்க சும்மா இருங்க, நான் சொல்லிக்கிறேன்" என்று என் மகள் அந்தச் சம்பாஷணையை முடித்துவைத்தாள்.

வந்தது தட்டில் அல்ல, ஒரு மரப்பலகையில். வெண்ணெயும் முட்டையும் தாராளமாகச் சேர்த்துப் பிசைந்த பளபளப்பான பன். அதன்மேல் கீரை இலை, தக்காளி வில்லை, ஆட்டுக் கொத்துக்கறியைத் தட்டிச் சுட்ட வடை, உருகி வழியும் சீஸ், மறுபடியும் ஒரு கறிவடை, பொரித்த வெங்காய வளையம், அரைவேக்காட்டு முட்டை, கடைசியில் பன்னின் மறுபாதி. இவை ஒன்றை விட்டு ஒன்று பிரிந்துவிடாதபடி உச்சியிலிருந்து அடிவரை ஒரு மூங்கில் குச்சி. அக்குச்சியின் நுனியில், கோபுரத்துக்குக் கலசம் வைத்தாற்போல, ஊறவைத்த சிறு வெள்ளரித் துண்டு. பக்கத்தில் ஒரு கத்தியும் முள்கரண்டியும்.

அந்தக் கத்தியைக் கண்டதும் எனக்குச் சரித்திரம் ஞாபகத்துக்கு வந்தது. அமெரிக்காவில் விச்சிட்டா நகரில் 1921-ல் தொடங்கிய ஒயிட் காஸில் கடையில், சின்னஞ்சிறு சதுரமாய், ஐந்து ஸெண்டு விலைக்கு, உழைப்பாளி ஒற்றைக் கையால் பிடித்துத் தின்றுவிட்டு நடையைக் கட்டத் தோதாக விற்ற பண்டம் இது. 1948-ல் கலிபோர்னியாவின் ஸான் பெர்னார்டினோவில் மக்டொனால்டு சகோதரர்கள் தங்கள் கடையைத் திருத்தியமைத்தபோது, தட்டு, கத்தி, முள்கரண்டி அனைத்தையும் ஒழித்துவிட்டுக் காகிதத்தில் சுற்றிப் பதினைந்து ஸெண்டுக்குக் கொடுத்தார்கள். தின்பவனுக்குக் கையும் வாயும் போதும் என்பதே அந்த வியாபாரத்தின் சூட்சுமம். அவர்கள் பெயர் தாங்கிய ஸ்தாபனம் 1996-ல் தில்லிக்கு வந்தபோது மாட்டிறைச்சியைத்தான் கைவிட்டதே தவிர, கத்தியைத் திரும்பக் கூப்பிடவில்லை. பிறகு பெரிய சமையற்கலைஞர்களின் பார்வை இதன்மேல் விழுந்தது. டேனியல் பூலூ என்னும் பிரெஞ்சுக்காரர் 2001-ல் நியூயார்க்கில், மதுவில் வேகவைத்த விலா இறைச்சியும் கொழுக்க வளர்த்த வாத்தின் ஈரலும் உள்ளே பொதிந்து ஒரு பர்கர் செய்து, இருபது டாலருக்கு மேல் விலை வைத்தார். அவருக்குப் பின் வந்தவர்களில் பலர், அவருடைய கைப்பக்குவம் தங்களுக்கு வாய்க்காத குறையை உயரத்தால் ஈடுகட்டுகிறார்கள் என்பது என் தாழ்மையான அபிப்பிராயம்.

"மாமா, யோசிக்காதீங்க, ரெண்டு கையாலயும் நல்லா அமுக்கிப் பிடிச்சு ஒரே கடி!" என்று மாப்பிள்ளை உபதேசம் செய்தார். குச்சியை உருவிவிட்டு அவர் சொன்னபடியே அமுக்கிக் கடித்தேன். முன்பக்கம் நான் கடித்த மாத்திரத்தில் பின்பக்கமாக ஒரு கறிவடை புறப்பட்டு மேஜைமீது விஜயம் செய்தது. முட்டையின் மஞ்சள் கரு மணிக்கட்டில் ஆரம்பித்து முழங்கையில் யாத்திரையை முடித்துக்கொண்டது. என் மனைவியோ, இந்த அவஸ்தையெல்லாம் தனக்கு ஆகாது என்று, அடுக்கை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பலகையில் பரப்பி, வடை வேறாகவும் ரொட்டி வேறாகவும் நிதானமாகச் சாப்பிட்டுக்கொண்டே, "இதுக்கு ஒரு வாழையிலையைப் போட்டிருந்தா சௌகரியமா இருந்திருக்கும்" என்றாள்.

நியாயத்தையும் சொல்ல வேண்டும்: மேஜையில் விழுந்த அந்தக் கறிவடை முதல்தரமானது. நன்றாகக் காய்ந்த இரும்புக் கல்லில் போட்டு, அடிக்கடி புரட்டாமல், வெளிப்புறம் பழுப்பேறி மொறுமொறுக்கும்படி சுட்டிருந்தார்கள். மையார் என்னும் பிரெஞ்சு ரசாயன சாஸ்திரி 1912-ல் விவரித்த மாறுதல் அதில் அட்சரம் பிசகாமல் நடந்திருந்தது. அதை மட்டும் தனியாகக் கொடுத்திருந்தால், பில்லில் கண்ட தொகையைப் பற்றி நான் வாயைத் திறந்திருக்கமாட்டேன்.

இவ்வளவுக்கும் நடுவே என் பேத்தி தன்னுடையதைச் சிந்தாமல் சிதறாமல் தின்று முடித்திருந்தாள். குழந்தைகளுக்கென்று செய்தது அது. ஒரே வடை, ஒரே சீஸ் துண்டு, குச்சி கிடையாது, வாய்க்குள் அடங்கும் உயரம், எங்களுடையதில் பாதி விலை. ஆகவே, அவ்விடங்களுக்கு விஜயம் செய்யும் அன்பர்களே, பதார்த்தச் சீட்டின் கடைசிப் பக்கத்தில் சிறிய எழுத்தில் ஒதுக்கி வைத்திருக்கும் குழந்தைகள் பகுதியைத் தேடிப்பிடித்து அதிலிருந்தே ஆர்டர் செய்யுங்கள். வயதைக் காட்டிப் பிள்ளையாண்டான் ஆட்சேபிக்கக்கூடும். அதற்காக ஒரு பேரனையோ பேத்தியையோ கையோடு அழைத்துப் போவது உத்தமம்.