தோரணத்தைத் தலைகீழாகப் பிடியுங்கள்: கேள்வி-பதில்

போன இதழில் பாலங்களைப் பற்றிப் போகிறபோக்கில் நாலு வரி எழுதினேன். வந்த தபாலில் பாதிக்கு மேல் ஆர்ச்சைப் பற்றித்தான். எனக்கோ கொண்டாட்டம். இந்த வாரம் அரசியல், சினிமா, கிரிக்கெட் மூன்றுக்கும் விடுமுறை.

ஆர்ச்சுக்கு நல்ல தமிழ்ச் சொல் சொல்லுங்களேன்? (தமிழாசிரியை, திண்டுக்கல்)

வளைவு என்று எழுதலாம் டீச்சர். ஆனால் பாலத்துக்குப் போனால் நம் ஜனங்கள் அதைவிட நூறு மடங்கு அழகான சொல் வைத்திருக்கிறார்கள்: கண். செங்கோட்டையிலிருந்து கொல்லம் போகும் ரயில் பாதையில், தென்மலைக்குப் பக்கத்தில் நிற்பது பதிமூன்று கண் பாலம். தண்ணீர் இந்தக் கண்ணில் புகுந்து அந்தப் பக்கம் வருகிறது, ரயில் புருவத்தின் மேல் போகிறது. வீட்டு வாசல் என்று வந்துவிட்டால் கொத்தனார் ஆர்ச் என்கிறார், சித்தாள் ஆர்ச் என்கிறார். நானும் அவர்கள் கட்சி.

கல்லை வளைவாக அடுக்கினால் ஏன் கீழே விழுவதில்லை? (பிளஸ் டூ மாணவன், அரியலூர்)

தீபாவளிக்கு முதல் நாள் ராத்திரி ஊருக்குப் போகும் பஸ்ஸில் நின்றிருக்கிறாயா தம்பி? கம்பியைப் பிடிக்காமலே நிற்கலாம். டிரைவர் பிரேக் போட்டாலும் விழ மாட்டாய், விழுவதற்கு இடம் இல்லை. முன்னால் இருப்பவர் உன்னைத் தள்ளுகிறார், நீ பின்னால் இருப்பவரைத் தள்ளுகிறாய், எல்லோரும் சேர்ந்து நிமிர்ந்து நிற்கிறீர்கள். ஆர்ச்சும் அப்படித்தான். ஒவ்வொரு கல்லும் ஆப்பு வடிவம், மேலே அகலம், கீழே குறுகல். அது கீழே இறங்கப் பார்க்கும்போது இரண்டு பக்கத்துக் கற்களை நெருக்குகிறது. அவை தங்கள் பக்கத்துக் கற்களை நெருக்குகின்றன. கல்லுக்கு இழுத்தால் ஆகாது, நெருக்கினால் எவ்வளவும் தாங்கும். அதற்குப் பிடித்த வேலையை மட்டும் அதற்குக் கொடுப்பதுதான் ஆர்ச்சின் கெட்டிக்காரத்தனம்.

இப்போது அந்த பஸ்ஸின் கதவு திறந்துவிட்டது என்று வைத்துக்கொள். படிக்கட்டில் நிற்பவர் கதி? ஆர்ச்சின் இரண்டு ஓரத்திலும் இருக்கும் முட்டுச்சுவருக்கு இருபத்து நாலு மணி நேரமும் அந்தக் கதிதான். சுமை கீழ்நோக்கி மட்டும் போவதில்லை, பக்கவாட்டிலும் உதைக்கிறது. அந்த உதையை வாங்க ஆள் இருக்கும்வரை ஆர்ச் நிற்கும்.

உச்சியில் இருக்கும் கீஸ்டோன்தானே மொத்த ஆர்ச்சையும் தாங்குகிறது? (வாசகர், நாமக்கல்)

இல்லை, இல்லை, இல்லை. இந்த ஒரு கல்லுக்கு இத்தனை நூற்றாண்டாக மாலை மரியாதை செய்வது எனக்குப் பொறுக்கவே இல்லை. எந்தக் கல்லை உருவினாலும் ஆர்ச் விழும், இடது பக்கம் மூன்றாவது கல்லை உருவினாலும்கூட. உச்சிக்கல் செய்ததெல்லாம் கடைசியாக வந்தது மட்டுமே. அது பொருந்தும்வரை மற்றக் கற்களைத் தாங்கியிருப்பது கீழே கட்டிய மரச் சாரம், நம் ஆட்கள் சொல்கிற சென்ட்ரிங். ஐரோப்பாவின் கூர்முனை ஆர்ச்சுகள் பலவற்றில் உச்சியில் கல்லே கிடையாது, இரண்டு கற்கள் சந்திக்கும் இணைப்புதான் இருக்கிறது. அவை பல நூறு வருஷமாக நிற்கின்றன. மாலையை முட்டுச்சுவருக்குப் போடுங்கள்.

வாசலில் ஆர்ச் வைப்பது வாஸ்துப்படி நல்லதா? (வாசகி, ஓசூர்)

சென்ட்ரிங்கை அவசரப்பட்டுப் பிரிக்காமல் இருந்தால் ரொம்ப நல்லது.

கல்யாண மண்டப வாசலில் வைக்கும் தெர்மாகோல் ஆர்ச் எந்த வகை? (வாசகர், விருதுநகர்)

கம்பம் வகை. அடுத்த கேள்வி.

புது வீட்டு வாசல் ஆர்ச்சை உயரம் குறைத்துத் தட்டையாக வைக்கச் சொல்கிறாள் மகள். வைக்கலாமா? (ஓய்வுபெற்ற தபால்காரர், கோவில்பட்டி)

வைக்கலாம் அய்யா, விலை தெரிந்து வையுங்கள். 2 மீட்டர் அகல வாசல், மீட்டருக்கு 1 டன் சுமை என்று வைத்துக்கொள்வோம். வளைவு தொடங்கும் இடத்திலிருந்து உச்சிவரை உயரம் அரை மீட்டர் இருந்தால், பக்கத்துச் சுவரின் மேல் சுமார் 1 டன் உதை. அதைக் கால் மீட்டராகக் குறைத்தால் உதை 2 டன். உயரம் பாதியானால் உதை இரட்டிப்பு, கணக்கு அவ்வளவுதான். வாசலை ஒட்டியே வீட்டின் மூலை வருகிறதென்றால், அந்தப் பக்கம் முட்டுக்கொடுக்கச் சுவரே இருக்காது. அப்போது மகள் பேச்சைக் கேட்காதீர்கள், அல்லது இரண்டு காலையும் சேர்த்து இழுத்துப் பிடிக்க ஒரு கட்டு கொடுங்கள். அகமதாபாத் ஐ.ஐ.எம். கட்டடத்தில் கட்டடக் கலைஞர் லூயிஸ் கான் அதைத்தான் செய்தார். அங்கே தட்டையான செங்கல் ஆர்ச்சுகளின் இரு முனையையும் ஒரு கான்கிரீட் உத்தரம் பிடித்து வைத்திருக்கிறது. வில்லுக்கு நாண் கட்டியது போல இருக்கும்.

ஆர்ச்சுக்குச் சரியான வடிவம் எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? (பாலிடெக்னிக் மாணவி, கோவை)

இந்தக் கேள்விக்காக உனக்கு ஒரு கிலோ அல்வா அனுப்பலாம் மகளே.

உன் வீட்டு நிலைவாசலில் மாவிலைத் தோரணம் கட்டியிருப்பார்கள். இரண்டு ஆணிக்கு நடுவில் அந்தக் கயிறு தொங்கும் வடிவத்தைப் பார். யாரும் வரைந்து கொடுக்கவில்லை. தன் எடைக்கு எப்படித் தொங்கினால் முழுக்க முழுக்க இழுவிசை மட்டும் இருக்குமோ, அப்படி அதுவே தொங்குகிறது. இப்போது அதை அப்படியே தலைகீழாகத் திருப்பி, விறைப்பாக்கிவிடு. இழுவிசை இருந்த இடமெல்லாம் நெருக்குவிசையாகிவிடும். ஒரே தடிமனில் கட்டிய, தன் எடையை மட்டும் சுமக்கிற ஆர்ச்சுக்கு அதுதான் வடிவம்.

இதை உலகத்துக்குச் சொன்னவர் ராபர்ட் ஹூக், லண்டன்காரர். 1675-ல் சொன்னார், ஆனால் எப்படிச் சொன்னார் தெரியுமா? லத்தீனில் ஒரு வாக்கியம் எழுதி, அதன் எழுத்துகளையெல்லாம் கலைத்துப் போட்டு அச்சிட்டார்! வேறு யாரும் தன் கண்டுபிடிப்பைத் தூக்கிக்கொண்டு போய்விடக் கூடாதாம், தான்தான் முதல் என்ற அத்தாட்சியும் வேண்டுமாம். அவர் 1703-ல் இறந்த பிறகுதான் அதன் விடை அச்சில் வந்தது. நம் பாட்டிமாரோ வெள்ளிக்கிழமைதோறும் அதே வடிவத்தை வாசலில் கட்டிக் காயவிட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஸ்பெயினில் கட்டடக் கலைஞர் அந்தோனி கௌடி இதைக் கையாலேயே செய்தார். பார்சிலோனாவுக்குப் பக்கத்தில் கொலோனியா குவெல் தேவாலயத்துக்காகக் கூரையிலிருந்து நூல்களைத் தொங்கவிட்டு, சுமைக்குப் பதில் ஈயக் குண்டுகள் நிறைந்த சின்னச் சின்னப் பைகளைக் கட்டி, போட்டோ எடுத்துத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார். அமெரிக்காவில் செயிண்ட் லூயிஸ் நகரத்து நுழைவு வளைவு 192 மீட்டர் உயரம், 192 மீட்டர் அகலம், 1965-ல் முடிந்தது. அதுவும் தொங்கும் சங்கிலியின் தலைகீழ் உறவுதான்.

நாம் அலங்கார வாயிலைத் தோரண வாயில் என்கிறோம், தொங்குவதையும் தோரணம் என்கிறோம். ஒரே சொல்லுக்குள் கேள்வியும் விடையும் இருப்பதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் புல்லரிக்கிறது.

ஆர்ச்சில் எத்தனை வகை? எல்லாவற்றையும் விளக்கவும். (வாசகர், சேலம்)

பரீட்சைத்தாள் போலக் கேட்கிறீர்களே! பிடித்ததை மட்டும் சொல்கிறேன். அரைவட்டம் ரோமானியர் சொத்து. பிரான்ஸில் அவர்கள் கட்டிய போன் து கார் கால்வாய்ப் பாலம் மூன்று அடுக்காக ஏறத்தாழ 49 மீட்டர் நிற்கிறது. அரைவட்டத்தின் மேல்துண்டை மட்டும் எடுத்தால் தட்டை வளைவு. சீனாவின் ஜாவ்ஜோவ் பாலத்தை லி சுன் என்பவர் சுமார் 605-ல் அப்படித்தான் கட்டினார், ஒரே தாவலில் 37 மீட்டர். கூர்முனை ஆர்ச்சுக்கு உதை குறைவு. அகலம் எவ்வளவானாலும் உயரத்தை நம் இஷ்டத்துக்கு வைத்துக்கொள்ளலாம், அதனால்தான் ஐரோப்பியக் கோபுரக்காரர்கள் அதன் மேல் பைத்தியமானார்கள். லாட வடிவம், இலை விளிம்பு, தாமரை மொட்டு இவையெல்லாம் கண்ணுக்கு. நெல்லையின் சுலோசன முதலியார் பாலம் 1843-லிருந்து தாமிரபரணி மேல் 11 கண்களோடு நிற்கிறது, ஒவ்வொன்றும் 60 அடி. சேலத்திலிருந்து ரயில் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு மீதியைக் கேளுங்கள்.

தஞ்சைப் பெரிய கோயிலில் ஆர்ச்சே இல்லையே. நம்மவர்களுக்குத் தெரியாதா? (கல்லூரி ஆசிரியர், கும்பகோணம்)

தெரியாமல் இல்லை அய்யா, தேவைப்படவில்லை. உத்தரப் பிரதேசத்தின் பீத்தர்காவ் செங்கல் கோயிலில், குப்தர் காலத்திலேயே, உண்மையான ஆர்ச் இருக்கிறது. தஞ்சை விமானம் உள்ளே வெற்றிடம். கல் மேல் கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்தள்ளி அடுக்கியே உச்சியில் மூடியிருக்கிறார்கள். நல்ல கருங்கல் கிடைக்கிற நாட்டில், தூண் மேல் உத்தரம் போடுவது இயல்பான முடிவு. ஆர்ச் தூங்காது, ஓயாமல் பக்கச் சுவரைத் தள்ளிக்கொண்டே இருக்கும் என்று இந்துக் கட்டடக்காரர்கள் அதை ஒதுக்கியதாகக் கட்டடக்கலை வரலாற்றாசிரியர் ஜேம்ஸ் ஃபெர்கூசன் 19-ஆம் நூற்றாண்டில் எழுதினார். அதைவிடத் துல்லியமாக எந்தப் பொறியியல் புத்தகமும் பக்க உதையைச் சொன்னதில்லை.

டெல்லி குதுப் வளாகத்துக்குப் போனால் 1199-ல் எழுப்பிய பெரிய முகப்பைப் பாருங்கள். பார்வைக்கு ஆர்ச், உள்ளே கல் படுக்கை வரிசையாகத்தான் வருகிறது. கேட்டவர் ஆர்ச் கேட்டார், கட்டியவர் தனக்குத் தெரிந்த வழியில் கொடுத்தார். நூறு வருஷத்துக்குள், டெல்லி சுல்தான் பால்பனின் கல்லறையில், ஆப்புக் கற்கள் வந்துவிட்டன. மதுரையில் 1636-ல் திருமலை நாயக்கர் மகால் எழுந்தபோது செங்கல்லும் சுண்ணாம்பும் ஆர்ச் ஆர்ச்சாகத் துள்ளின.

கட்டிய பாலம் மேல்நோக்கி உடைந்து விழுமா? நண்பன் பந்தயம் கட்டுகிறான். (வாசகர், ஈரோடு)

பணத்தைக் கொடுத்துவிடுங்கள், நண்பன் ஜெயித்தான்!

வேல்ஸ் நாட்டில் பாண்டிபிரித் என்ற ஊர். வில்லியம் எட்வர்ட்ஸ் என்ற கொத்தனார், பிரசங்கியும்கூட. ஆற்றின் மேல் அவர் கட்டிய முதல் பாலத்தை வெள்ளம் அடித்துப் போனது. இரண்டாவது கட்டும்போதே சரிந்தது. மூன்றாவது, ஒரே கண்ணில் 140 அடி. அது முடிந்தபோது இரண்டு தோள்களிலும் கல்லும் மண்ணும் அதிகம், உச்சி மெலிவு. தோள்கள் கீழே அமுங்க, உச்சி மேலே பிதுங்கிப் பாலம் போயே போய்விட்டது. மனிதர் அசரவில்லை. நாலாவது முறை தோளுக்கு மூன்றாக உருளை ஓட்டைகள் விட்டார். 9 அடி, 6 அடி, 3 அடி விட்டம். தோளின் எடை குறைந்தது, உச்சி அடங்கியது. 1756-ல் முடிந்த அந்தப் பாலம் இன்றும் நிற்கிறது, ஆட்கள் நடந்து போகிறார்கள். ஆர்ச்சுக்குச் சுமை கூடினால் மட்டும் ஆபத்தில்லை, சுமை இடம் தவறினாலும் ஆபத்துதான்.

கான்கிரீட் லிண்டல் இருக்கும் காலத்தில் ஆர்ச் எதற்கு? (கட்டட ஒப்பந்தக்காரர், திருப்பூர்)

கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் திருவனந்தபுரத்தில் ஆண்டுக்கணக்காகச் செய்து காட்டியதைப் போய்ப் பாருங்கள். ஜன்னல் மேல் செங்கல்லாலேயே ஆர்ச். கம்பி இல்லை, துருவும் இல்லை. உங்கள் லிண்டலின் கம்பிவரை தண்ணீர் புகுந்து, துரு வீங்கி, காரை பெயர்ந்து விழுவதை எத்தனை வீட்டில் பார்த்திருப்பீர்கள்? சின்ன ஜன்னலுக்கு ஆர்ச் போதும். அதற்குக் கை படிந்த கொத்தனார் இன்னும் இருக்கிறார், கூப்பிடுங்கள்.

காரைக்குடிப் பக்கம் எங்கள் பழைய வீட்டு வாசல் ஆர்ச்சில் உச்சியில் ஒரு விரிசல், இரண்டு தோளிலும் ஒவ்வொன்று. பக்கத்து வீட்டை இடித்த பிறகு வந்தது. கொத்தனார் இடித்துவிடச் சொல்கிறார். அப்பா கட்டிய வாசல். மனசு வரவில்லை. (பெயர் வேண்டாம்)

அம்மா, முதலில் பயப்படாதீர்கள். கல் கட்டுமானங்களை ஆராய்ந்த ஜாக் ஹேமன் சொன்ன கணக்கு இது: மூன்று இடத்தில் விரிசல் கண்ட ஆர்ச், மூன்று கீல் வைத்த கதவு போலத் தன்னைத் திருத்திக்கொண்டு நிற்கும். முட்டுச்சுவர் ஒரு விரற்கடை விலகினால் ஆர்ச் அப்படித்தான் தன்னை விரித்துக் கொடுக்கிறது. நாலாவது கீல் விழுந்தால்தான் அது ஆடத் தொடங்கும். அதனால் உங்கள் நோய் வாசலில் இல்லை. இத்தனை நாள் பக்கத்து வீட்டுச் சுவர் வாங்கிய உதையை வாங்க இப்போது ஆள் இல்லை.

இன்றைக்கே ஆர்ச்சுக்கு அடியில் மரத்தால் சென்ட்ரிங் கொடுத்து முட்டுவையுங்கள், அந்த வழியே நடப்பதை நிறுத்துங்கள். விரிசலின் குறுக்கே மெல்லிய சாந்துப் பட்டை பூசி, அதில் தேதி எழுதுங்கள். பட்டை வெடித்தால் சுவர் இன்னும் நகர்கிறது. வெடிக்காவிட்டால் உட்கார்ந்துவிட்டது. சுண்ணாம்புக் கட்டடத்தில் சிமெண்டை அடைக்க யாரையும் விடாதீர்கள். பழைய சுண்ணாம்பு வேலை தெரிந்த கட்டமைப்புப் பொறியாளரை அழைத்து, அந்தப் பக்கச் சுவருக்கு முட்டு எப்படிக் கொடுப்பது என்று கேளுங்கள். ஆர்ச்சைப் பற்றி அதற்குப் பிறகு கேட்கலாம். அவர் வந்து பார்க்கும்வரை கடப்பாரை வாசலைத் தொட வேண்டாம். சாந்துப் பட்டை என்ன சொல்கிறது என்று எனக்கு எழுதுங்கள், காத்திருப்பேன்.