தும்பிக்கை வச்ச மலை

வா மாப்ள, உக்காரு. மூஞ்சியப் பாத்தாலே தெரியுது, மறுபடி அதே பஞ்சாயத்துதான். "இன்னிக்கு என்னடா படிச்சே"ன்னு கேட்டா பய "ஒன்னுமில்ல"ங்கிறான், அதான? நீ ஒன்னாப்புப் போன காலத்துல உங்கப்பன் இதையேதான் கேட்டான். "பசிக்குது"ன்னே. ஒம் மகன் எவ்வளவோ தேவலை.

போன புதன்கிழமை டீச்சரம்மா கதை சொல்ல வாங்க தாத்தான்னு கூப்பிட்டிருந்தாங்க. பத்து நிமிசக் கதை. நான் சாயங்கால மணி அடிச்ச பெறகுதான் எந்திரிச்சேன்.

காலையில போறப்பவே தெருமுக்கு வரைக்கும் பொங்கல் வாசம். 2022 செப்டம்பர்ல நம்ம மதுரையிலதான பள்ளிக்கூடத்துல இந்தக் காலைச் சாப்பாட்ட ஆரம்பிச்சு வச்சாங்க. நான் காமராசர் போட்ட மதியச் சோத்துக்காகப் பள்ளிக்கூடம் போன ஆளு, எனக்குப் பொறாமையா இருந்துச்சு. ஒம் மகன் மிளகைப் பொறுக்கித் தட்டு விளிம்புல வரிசையா வச்சான். ஏழு. பக்கத்துல இருந்த புள்ள தட்டுல ஒம்போது. "ஒனக்கு மட்டும் எப்படி ரெண்டு கூட?"ன்னு சண்டை. கழித்தல் கணக்கு முடிஞ்சு போச்சு, டீச்சரம்மா இன்னும் வண்டிக்கு ஸ்டாண்டு போடல.

வகுப்புல ஒன்னாப்பு, ரெண்டாப்பு, மூணாப்பு மூணும் ஒன்னா உக்காந்திருக்கு. 'எண்ணும் எழுத்தும்'னு பேரு. எத்தனாவது வகுப்புங்கிறத விட்டுட்டு, எவ்வளவு வருதுன்னு பாத்து அரும்பு, மொட்டு, மலர்னு பிரிச்சு வச்சிருக்காங்க. நம்ம குடும்பத்த இதுல எங்க வைப்பாங்கன்னு யோசிச்சுப் பாத்தேன். என்னைய மொட்டுல வைக்கலாம். போன்ல தமிழ இங்கிலீசு எழுத்துல தட்டுற ஒன்னைய அரும்புலகூடச் சேக்க முடியாது மாப்ள, வெதைன்னுதான் எழுதணும். 247 எழுத்துல ஒனக்கு எத்தனை வரும்? சும்மா சொல்லு, நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்.

கதை சொல்லி முடிச்சேன். கதையில ஒரு மலை வந்துச்சா, "தாத்தா, அத போர்டுல எழுதிக் காட்டுங்க"ன்னாங்க டீச்சரம்மா. எழுதினேன். ஒரு நிமிசம் சத்தமே இல்ல. அப்பறம் ஒரு பொட்டப்புள்ள, "தாத்தா யானை வரைஞ்சிருக்காரு!"ன்னு கத்துச்சு பாரு, வகுப்பே உருண்டு சிரிக்குது.

நான் படிச்சது அந்தப் பழைய 'லை' மாப்ள. எழுத்துக்கு முன்னாடி ஒரு தும்பிக்கை நீட்டிக்கிட்டு நிக்கும். லை, ளை, ணை, னை நாலுக்கும் அப்படித்தான். அதெல்லாம் ஒன்னுபோல இருக்கட்டும்னு பெரியார் சொல்லி எழுதினத, 1978ல அரசாங்கம் உத்தரவு போட்டு மாத்திருச்சு. என் கைக்குத்தான் உத்தரவு இன்னும் வந்து சேரல. டீச்சரம்மா பொறுமையா எடுத்துச் சொன்னாங்க, புள்ளைகளும் தலையாட்டுச்சு. ஒம் மகன் மட்டும் ஆட்டல. நேரா வந்தான், என் கையில இருந்த சாக்பீச வாங்கினான், தும்பிக்கைய விரலால அழிச்சான், முன்னாடி ரெண்டு சுழியப் போட்டான். "இப்படித்தான் எழுதணும். பத்து தடவை எழுதிட்டு வாங்க"ன்னான். யாருகிட்ட? இவன் தொட்டில ஆட்டின எங்கிட்ட.

மத்தியானம் முட்டை. அப்பறம் எனக்குத் தூக்கம், அதச் சொல்ல ஒன்னுமில்ல.

சாயங்காலம் நீ வண்டியில வந்து "என்னடா படிச்சே"ன்னு கேட்டப்ப, பின்னாடி நின்னு நானும் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். "ஒன்னுமில்ல"ன்னான். ஊர்க் கெழவனுக்கே எழுத்துச் சொல்லிக் குடுத்துட்டு வர்றவன், ஒங்கிட்ட எதுக்குய்யா கணக்கு ஒப்பிக்கணும்?

நான் சொல்றபடி செய்யி. இன்னிக்கு ராத்திரி எதையும் கேக்காத. 'மலை'யத் தப்பா எழுதி அவன் கண்ணுல படுற மாதிரி வச்சிரு. வெறுமனே 'மல'ன்னு எழுது, போதும், ஒனக்கு அது கஷ்டமும் இல்ல. அப்பறம் பாரு வேடிக்கைய. செவப்புப் பேனாவ மட்டும் முன்கூட்டியே ஒளிச்சு வச்சுக்க.

போறப்ப அந்தச் செலேட்ட இப்படி எடுத்துக் குடுத்துட்டுப் போ. பத்துல மூணுதான் எழுதியிருக்கேன், பய வந்துருவான்.