கட்பீஸ் பெரியம்மா

கட்பீஸ் பெரியம்மாவை அடையாளம் காண முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. வீட்டுக் கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தால் போதும். மற்ற வீடுகளில் அங்கே ஒட்டடையும் ஒற்றைச் செருப்பும் இருக்கும். இங்கே ஒரு டிரங்குப் பெட்டி, சக்கரம் போன இரண்டு சூட்கேஸ், பழைய மிக்ஸி அட்டைப்பெட்டி, ஜவுளிக்கடைப் பைகள் பத்திருபது. எல்லாவற்றிலும் துணி. தைக்காத துணி. பரணில் இதே சரக்கின் மூத்த தலைமுறை குடியிருக்கிறது. அரிசி கொட்டி வைக்க வாங்கிய டிரம்மில் ஒரு கிளை. பீரோவின் தட்டுகள் நான்கும் துணிக்குப் போய்விட்டதால், பெரியப்பாவின் சட்டைகள் கதவுக்குப் பின்னால் ஒரே ஆணியில் ஒன்றின்மேல் ஒன்றாகத் தொங்குகின்றன. மேலே இருப்பதைத்தான் அவர் போடுகிறார். அடியில் இருப்பது என்ன நிறம் என்பது அவருக்கே மறந்துவிட்டது.

"எதுக்குப் பெரியம்மா இவ்வளவு?" என்று கேட்டுவிடாதீர்கள். "அது பாட்டுக்குக் கெடக்கு. சோறா கேக்குது?" என்பார். இதற்கு இதுவரை யாரும் பதில் சொன்னதில்லை.

சரக்கு வரும் வழிகள் பல. சென்னையில் இருக்கும்போது ஜார்ஜ் டவுன் கோடவுன் தெரு. மொத்த வியாபாரிகளுக்கான இடம் என்று அவரிடம் எத்தனையோ முறை சொல்லியாகிவிட்டது. அந்த வியாபாரிகளே இப்போது அவரைச் சில்லறைக் கடைக்காரர் என்று நம்பிக் காபி வரவழைக்கிறார்கள். தீபாவளிக்குக் கோ-ஆப்டெக்ஸ் 30 சதவீதம் தள்ளுபடி அறிவித்தால், மிச்சமாகும் அந்த 30 சதவீதத்துக்கும் சேர்த்துத் துணி எடுப்பார். ஈரோட்டில் ஞாயிற்றுக்கிழமைக் கல்யாணம் என்றால் செவ்வாய் வரை தங்கிவிடுவார். ஜவுளிச் சந்தை திங்கள் ராத்திரிதான் களைகட்டும். மணப்பெண் பெயரைக் கேட்டால் யோசிப்பார். சந்தையில் பாப்ளின் என்ன விலை என்று கேட்டால் யோசிக்கவே மாட்டார்.

வாங்கியது வீட்டுக்குள் நுழைவது கறிகாய்ப் பையில், முருங்கைக்கீரைக்கு அடியில். மாட்டிக்கொண்டால், "இதா? இது போன ஆடியிலேயே எடுத்தது" என்று ஒரே பதில். பெரியப்பா கணக்குத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். கேட்காமல் இருப்பதே லாபம் என்று கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்.

இத்தனைக்கும் பெரியம்மா ஒன்றையும் காரணமில்லாமல் வாங்குவதில்லை. ஒவ்வொரு துண்டுக்கும் ஓர் ஆளை நினைத்துத்தான் எடுப்பார். சிக்கல் எங்கே என்றால், துணி பெட்டியில் அப்படியே இருக்கிறது, அந்த ஆள் வளர்ந்துவிடுகிறார். பேத்திக்கு ஃபிராக் தைக்க என்று எடுத்த ரோஸ் நிற கேம்பிரிக் இன்னும் மடிப்புக் கலையாமல் இருக்கிறது. பேத்தி பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். ஜீன்ஸைத் தவிர வேறெதையும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. உடனே அந்தத் துணிக்குப் பதவியிறக்கம் நடக்கிறது. ஃபிராக் துணி சட்டைத் துணியாகும், பிறகு தலையணை உறை, பிறகு தையல் மிஷினுக்கு மூடி. கரித்துணி வரைக்கும் காகிதத்தில் இறங்கிவிட்டது. கத்திரி மட்டும் அதன்மேல் பட்டதில்லை. "இந்த மாதிரி பூ டிசைன் இனிமே வராது. இதுல போய்க் கத்திரி வைக்கச் சொல்றியா?"

கத்திரி என்றதும் நினைவுக்கு வருகிறது. அந்த வீட்டில் ஒரு துணிக் கத்திரி உண்டு. அதை வைத்துக் காகிதம் வெட்டக் கூடாது, நூல் தவிர வேறெந்தக் கயிறும் வெட்டக் கூடாது, முனை மொக்கையாகிவிடும். தையல் தெரிந்த எந்தப் பெண்மணியும் இந்த விஷயத்தில் விட்டுக்கொடுக்க மாட்டார், நியாயமும் அவர்கள் பக்கம்தான். ஒரு நாள் காலை பெரியப்பா அவசரத்தில் அதை எடுத்துப் பால் பாக்கெட்டை வெட்டிவிட்டார். காபி வந்தது. சர்க்கரை வரவில்லை. மூன்று வேளையும் மோர் சாதம். சாணை பிடிக்கிறவர் தெருவில் குரல் கொடுக்கும் வரை அந்த வீட்டில் பேச்சு வார்த்தை இல்லை. அந்தக் கத்திரி பெரியம்மாவின் கையில் துணி வெட்டி யாரும் பார்த்ததில்லை என்பதைச் சொல்லும் துணிச்சல் அன்று யாருக்கும் வரவில்லை.

வைத்துக் கொடுக்கிற ரவிக்கைத் துணி தனி இலாகா. இப்போதெல்லாம் ஐந்தரை மீட்டர் புடவையோடு 80 சென்டிமீட்டர் ரவிக்கைத் துணியும் ஒட்டியே வந்துவிடுகிறது. லைனிங் கொடுத்துத் தைத்தால் கூலி துணி விலையைப்போலப் பல மடங்கு. ஆகவே தாம்பூலத்தில் வருகிற ரவிக்கைத் துணியை யாரும் தைப்பதில்லை. அடுத்த வீட்டுக் கொலுவுக்குத் தள்ளிவிடுகிறார்கள். பெரியம்மாவும் அப்படிக் கொடுத்து அனுப்பிய ஓர் அரக்கு நிற ரூபியா, மயிலாப்பூர், அம்பத்தூர், தாம்பரம் எல்லாம் சுற்றிவிட்டு, ஓரத்தில் அவர் பென்சிலால் போட்டிருந்த கோட்டோடு அவர் தட்டுக்கே திரும்பியது. வேறொருத்தராயிருந்தால் சங்கடப்பட்டிருப்பார். பெரியம்மா அதைத் தடவிக் கொடுத்து, "தப்பிச்சு வந்துட்டியா" என்று டிரங்குப் பெட்டியில் நிரந்தரமாகச் சேர்த்துவிட்டார்.

இவ்வளவு இருந்தும் வேண்டியது இருக்காது. எம்.எஸ். சுப்புலட்சுமிக்காகக் காஞ்சிபுரத்தில் நெய்த அந்த நீலம், எம்.எஸ். ப்ளூ, அதில் ஒரு புடவை பெரியம்மாவிடம் உண்டு. ஒரு கல்யாணத்துக்குக் கட்டலாம் என்று எடுத்தால் ரவிக்கை இறுக்கமாகிவிட்டது. பெட்டி பெட்டியாகத் திறந்து, மயில்கழுத்து, இங்க் ப்ளூ, ராயல் ப்ளூ, ஆனந்தா ப்ளூ என்று கட்டில் முழுக்க நீலமாகப் பரப்பிப் பார்த்தார். ஒன்றும் சேரவில்லை. புடவையைத் தூக்கிக்கொண்டு மேட்சிங் சென்டருக்குப் போனார். கடைப் பையன் பீஸ் பீஸாக இறக்கிப் போட, பெரியம்மா ஒவ்வொன்றையும் வாசலுக்கு எடுத்துப் போய் வெயிலில் வைத்துப் பார்த்தார். டியூப்லைட்டை நம்பி நிறம் எடுப்பவர் துணி தெரியாதவர். கடைசியில் நின்ற மூன்றில் எது பொருத்தம் என்று தீர்மானிக்க முடியாமல் மூன்றையும் வாங்கினார். கல்யாணத்துக்குக் கட்டிக்கொண்டு போனது பச்சைப் புடவை.

மகளின் பிரசவத்துக்கு நியூஜெர்சி போய்வந்த பிறகு விஷயம் கை மீறியது. அமெரிக்கப் பெண்கள் துண்டுத் துணிகளை இணைத்து, நடுவில் பஞ்சு அடுக்கு வைத்து, அடித்துணியோடு சேர்த்துத் தைக்கிற குவில்ட்டைப் பெரியம்மா அங்கேதான் பார்த்தார். நம் ஊர்ப்பக்கமும் இது புதிதில்லை. வங்காளத்தில் காந்தா, மராட்டியத்தில் கோதடி, கன்னடத்தில் கவுதி. ஆனால் அவையெல்லாம் உடுத்திக் கிழிந்த புடவைக்குக் கொடுத்த மறுபிறப்பு. அமெரிக்காவில் புதுத் துணியை 18-க்கு 22 அங்குலத் துண்டாக நறுக்கிச் சுருட்டி ரிப்பன் கட்டி விற்கிறார்கள். அதை வாங்கி வந்து மேலும் நறுக்கி, மறுபடி ஒட்டிப் பெரிய துணியாக்குகிறார்கள். இல்லை, ஆக்கப்போவதாகச் சொல்லி அலமாரியில் அடுக்குகிறார்கள். தன்னைப்போல் ஒரு நாடே இருக்கிறது என்று தெரிந்ததும் பெரியம்மாவின் முகத்தில் வந்த தெளிவைச் சொல்லி முடியாது. கெண்டக்கி மாநிலத்தில் படூக்கா என்ற ஊரில் இதற்கென்று அருங்காட்சியகம் இருப்பதைப் பெரியப்பாவிடம் வாரம் ஒரு தடவையாவது சொல்லிவிடுகிறார்.

அங்கே ஜோஆன் என்ற துணிக்கடை அவருக்குக் கோயில். 1943-இல் ஒஹையோவில் தொடங்கிய நிறுவனம். 2025-இல் திவாலாகி, மிச்சமிருந்த சுமார் 800 கடைகளையும் மூடிவிட்டது. மகள் ஃபோனில் சொன்னபோது பெரியம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "நான் இன்னும் ஆறு மாசம் அங்க இருந்திருந்தா மூடியிருக்க மாட்டாங்க."

குவில்ட் தைக்க இப்போது எல்லாம் தயார். கட்டம் போட்ட பச்சை விரிப்பு, சக்கரக் கத்தி, ஸ்கேல், வகைவகையான குண்டூசி என்று ஒரு பெட்டி வந்திருக்கிறது. மத்தியான வேளைகளில் யூடியூபில் பாடம் நடக்கிறது. இரட்டைக் கட்டில் அளவுக்கு ஒன்று தைக்க, மேலும் கீழுமாக 20 ரவிக்கைத் துணி தாராளமாகப் போதும். இருப்பதை வைத்துத் தெருவுக்கே போர்த்திவிடலாம். சித்திரையில் 40 டிகிரியைத் தாண்டுகிற ஊரில் பஞ்சு வைத்த போர்வை யாருக்கு என்று கேட்டேன். "ஏ.சி. ரூமுக்கு" என்றார். அவர் வீட்டில் ஏ.சி. இல்லை. தவிர, "எல்லாம் இருக்கு, ஆனா இதுக்கு ஏத்த பார்டர் துணி இல்லையே" என்று சென்ற வாரம் மறுபடி கோடவுன் தெருவுக்குப் போய்வந்தார். சக்கரக் கத்தியைப் பெரியப்பா கோதுமை மாவில் பிஸ்கட் வெட்டப் பயன்படுத்துகிறார். நன்றாக வெட்டுகிறது.

சிரித்துவிட்டேன், ஒரு விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். வேலைக்கு வருகிற அம்மாவின் பெண்ணுக்கு மறுநாள் பள்ளிக்கூட ஆண்டு விழா. கிளி வேஷம். ராத்திரி எட்டரைக்குத்தான் பச்சைத் துணி வேண்டும் என்று பிள்ளை சொல்கிறது. கடைகள் சாத்துகிற நேரம். கரண்ட் வேறு இல்லை. பெரியம்மா டார்ச்கூட இல்லாமல் கட்டிலுக்கு அடியில் கைவிட்டு, இடமிருந்து மூன்றாவது பையை இழுத்து, தொட்டுப் பார்த்தே எடுத்துக் கொடுத்தார். மெழுகுவத்தி ஏற்றிப் பார்த்தால் சுத்தமான கிளிப்பச்சை. சிறகுக்கு என்று இன்னொரு துண்டும் கொடுத்தார். காசு வாங்கவில்லை. "தைச்சது போக மிச்சத்தைக் கொண்டு வந்து குடுத்துடு" என்று மட்டும் சொன்னார். அந்தப் பிள்ளை மிச்சத்தைக் கொண்டுவந்து கொடுத்தாள். உள்ளங்கை அளவு இருந்தது. அதுவும் மடித்து உள்ளே போயிற்று.

இதைப் படிக்கிற பெண்மணிகளுக்கு ஒரு வேண்டுகோள். நவராத்திரிக்குப் பெரியம்மா வீட்டுக்கு வந்தால் சுண்டல் சாப்பிடுங்கள், பாடுங்கள். பதிலுக்கு அவரைக் கூப்பிடும்போது வெற்றிலை, பாக்கு, பழம், ஒரு தேங்காய் போதும். ரவிக்கைத் துணி வைத்தே தீருவேன் என்றால் தைத்துக் கொடுங்கள். அவருடைய அளவு ஜாக்கெட்டைப் பெரியப்பா இரண்டு நாள் இரவல் தருவார்.