இருண்ட திரையியல்: புதுக்கோட்டை வட்டாரத்தை முன்வைத்து ஒரு முன்னாய்வு

சித்தன்னவாசல் ஏழடிப்பட்டத்துத் தமிழ்ப் பிராமியும் குடுமியான்மலை இசைக் கல்வெட்டும் உள்ள மாவட்டம் இது. தேய்ந்த எழுத்தைப் படிக்க வெளிச்சம் பக்கவாட்டில் சாய்ந்து விழ வேண்டும் என்பது கல்வெட்டாய்வாளர் அறிந்த நெறி. அந்நெறியை மடிக்கணினித் திரைக்கும் பொருத்தலாம் என்பதே இக்கட்டுரையின் துணிபு.

ஆய்வுப் பொருள் கிடைப்பதில் சிரமமில்லை. 2011 செப்டம்பர் 15இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்து வந்தது. டெபியனை அடிப்படையாகக் கொண்டு சி-டாக் உருவாக்கியது அது. பூட் மெனுவில் கை தவறிய வேளையில்தான் பலர் அதன் முகத்தையே பார்த்தார்கள்.

திரை இருண்டதும் இரு கொள்கையினர் கிளம்புகிறார்கள். முதலாமவர் தட்டல் கொள்கையினர். திரையின் முதுகில் உள்ளங்கையால் ஓங்கி ஒன்று வைப்பார்கள். சிரிக்க வேண்டாம். மூடியை அசைக்கும்போது படம் வந்து வந்து போனால், கீல் வழியாக ஓடும் டிஸ்ப்ளே கேபிளில் பழுது என்று பொருள். அவர்கள் தற்செயலாகச் செய்வதும் ஒரு சோதனைதான். இரண்டாமவர் கீழராஜ வீதி முதல் அறந்தாங்கி வரை பரவியுள்ளனர்: “லினக்ஸ் எல்லாம் எதுக்குத் தம்பி, ஃபார்மட் அடிச்சு விண்டோஸ் போட்டுடலாம்.” இக்கொள்கையில் ஆய்வு கிடையாது, கட்டணம் மட்டும் உண்டு.

நமது நெறி டார்ச் நெறி. அறை விளக்கை அணைத்துவிட்டு, செல்போன் டார்ச்சைத் திரையோரம் சாய்த்துப் பிடியுங்கள். ஐகான்கள் மங்கலாகத் தெரிந்தால் திரை சாகவில்லை. பின்னாலுள்ள விளக்குத்தான் எரியவில்லை. எல்சிடி தானாக ஒளிர்வதில்லை, அந்த விளக்கொளியைத் தடுத்தும் விட்டுமே படம் காட்டுகிறது. அவ்விளக்கை ஆள்வது பயாஸா, கிராபிக்ஸ் டிரைவரா என்று லினக்ஸில் சில சமயம் பாளையக்காரர் காலத்து எல்லைத் தகராறு நடக்கும். வெளிச்சம் சுழியத்தில் நின்றுவிடும். கெர்னல் வரியில் (அதை எட்டும் வழி அடுத்த பத்தியில்) ‘ஏசிபிஐ_பேக்லைட்=வெண்டர்’ அல்லது ‘நேட்டிவ்’ என்று சேர்த்தால் பெரும்பாலும் சமரசம் ஆகும். (ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும், கெர்னலுக்குத் தமிழ்ப்பற்று போதாது.)

டார்ச்சிலும் ஒன்றும் தெரியவில்லை, ஆனால் கிரப் என்னும் பூட் மெனு மட்டும் நன்றாக வந்துபோனது என்றால் சந்தேகம் கிராபிக்ஸ் டிரைவர் மேல் விழுகிறது. மெனுவில் ‘ஈ’ விசையை அழுத்தி, ‘லினக்ஸ்’ என்று தொடங்கும் வரியின் கடைசியில் ‘நோமோட்செட்’ சேர்த்து, எஃப்10 அழுத்துங்கள். எழுத்தெல்லாம் பெருத்து, விகாரமாக ஒரு திரை வரும். சரியான டிரைவரை ஏற்ற அது போதும். கிரப்பும் தெரியவில்லை, பயாஸ் முகப்பும் தெரியவில்லை என்றால் லினக்ஸைத் திட்டுவது அநியாயம். அது இன்னும் எழுந்தே வரவில்லை.

பெற்றோருக்கு ஒரு விண்ணப்பம். கடைக்காரர் ஃபார்மட் என்று வாயெடுத்தால், முதலில் பென்டிரைவிலிருந்து லினக்ஸை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். நோமோட்செட் கொடுத்தும் அதிலும் இருட்டு என்றால் பழுது பெரும்பாலும் கேபிளிலோ பேனலிலோதான். விண்டோஸ் போட்டாலும் அதே இருட்டுத்தான். பிள்ளையின் ப்ராஜெக்ட் ஃபைல்கள் போனதுதான் மிச்சமாகும்.